கசிவு இருந்த இடம்

மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் அண்ணனின் வேலை. அவன் காட்டிய இடத்தைத் தோண்டுவது என் வேலை. அவனுக்கு ஒரு கம்பியும் ஒரு காதும் போதும். எனக்குக் கடப்பாரை, மண்வெட்டி, முதுகு மூன்றும் வேண்டும். இதில் யார் பாடு சுகம் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் தெருவில் கூடுகிற கூட்டம் அவனைத்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். குழிக்குள் நிற்கிறவளை யார் பார்க்கிறார்கள்!

அந்தக் கம்பி ஆள் உயரம் இருக்கும். மேல் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். கீழ் நுனியை வால்வின்மேல் ஊன்றி, கிண்ணத்தைக் காதோடு வைத்து அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வான். குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டால் 'புஸ்ஸ்' என்று ஒரு சீற்றம் கம்பி வழியாக ஏறி வருமாம். யாரோ வீட்டில் குழாயைத் திறந்து வைத்திருந்தால் அது வேறு சத்தம். மோட்டார் ஓடினால் அது இன்னொன்று. நானும் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். என் வயிறு பசியில் இரைந்ததுதான் கேட்டது.

தெரு அடங்கியிருக்கும் விடியற்காலையில் கேட்டுவிட்டு, சாக்பீஸால் தரையில் ஒரு பெருக்கல் குறி போடுவான். அங்கே தோண்டினால் தண்ணீர் இருக்கும். இலாகாவில் அவனை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். காது வந்தாச்சா, காது சாப்பிட்டாச்சா என்றுதான் பேச்சு.

இதில் ஒரு சங்கதி. அவனுக்கு இருப்பதே ஒரு காதுதான். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இடது காது போய்விட்டது. படுக்கும்போது கேட்டது, எழுந்தபோது கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் அவனுக்கு வலப்பக்கம்தான் உட்காருவோம். அண்ணி அவனோடு தெருவில் நடந்தாலும் வலப்பக்கம்தான். சண்டை வந்தால் மட்டும் அவன் மெல்லத் திரும்பி இடது காதை அண்ணிக்குக் கொடுத்துவிடுவான். மற்றவர்கள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார்கள். இவனுக்கு விடுவதற்கு மறு காது வழியில்லை, ஆகவே வாங்குவதே இல்லை.

அண்ணி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். அங்கே வரிசையாகத் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருப்பதால் அவள் குரல் எப்போதும் ஒரு படி மேலேதான் நிற்கும். "பக்கத்துல வா" என்று அவள் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்து வருவார்.

அண்ணனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையில் எது கிடைத்தாலும் காதுக்குள் விட்டுக் குடைவான். தீக்குச்சி, பேனா மூடி, அண்ணியின் ஹேர்பின். அண்ணி எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். "ஏங்க, இருக்கறது ஒண்ணு. அதுதான் நமக்குச் சோறு போடுது. அதுல போய் இரும்பை விடுறீங்களே!" அவன் தலையை ஆட்டுவான். மறுநாள் இன்னொரு ஹேர்பின் காணாமல் போகும்.

அந்த ஒற்றைக் காதுக்கும் ஆபத்து எப்படி வந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஆனால் எனக்கு வயிற்றில் ரகசியம் தங்காது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு காலை, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, கண்ணை மூடிச் சொக்கிப்போய், ஹேர்பினால் காது குடைந்துகொண்டிருந்தான். அண்ணி இரண்டு கையிலும் துணிக்கூடையோடு வந்து கதவைக் காலால் தள்ளினாள். கதவு அவன் முழங்கையில் இடித்தது. ஹேர்பின் உள்ளே போய்விட்டது. 'டப்' என்று ஒரு சத்தம், சுருக்கென்று வலி, கொஞ்சம் தலைசுற்றல். நுனியில் ஒரு பொட்டு ரத்தம். அண்ணி கூடையோடு நேராகக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அதன்பிறகு உலகம் அவனுக்குத் தலையணைக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. பேச்சு கேட்கும், ஆனால் வார்த்தையின் ஓரம் மழுங்கியிருக்கும். கடிகாரத்தின் டிக்டிக் இல்லை. காதுக்குள் எப்போதும் ஒரு ரீங்காரம். வீட்டில் அவன் மாட்டிக்கொள்ளவில்லை, காரணம் அண்ணியின் குரல். அந்தக் குரலுக்கு எந்தக் காதும் போதும்!

போதாக்குறைக்கு அந்த வாரம் அவனுக்கு ஜலதோஷம் பிடித்தது. அப்போதுதான் ரொட்டிக்கடைத் தெருவில் கசிவு வந்தது.

தெருவில் தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது. ரொட்டிக்கடையின் பின்சுவர் நாளுக்கு நாள் ஈரம் ஏறி, அடுப்புக்கு மேலே விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு விட்டது. அடியில் மண் கரைந்துகொண்டே போகிறது என்று அர்த்தம். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு இலாகாவுக்கே ஓடி வந்தார். "சுவரு விழுந்தா அடுப்பு போச்சு, அடுப்பு போனா நான் போனேன். உங்க காதை அனுப்புங்க சார்!"

காது போனது. கம்பியை ஊன்றினான், குனிந்தான், கண்ணை மூடினான். உடனே முகம் மலர்ந்தது. "பாப்பா, இவ்வளவு தெளிவா நான் கேட்டதே இல்ல. காலடியிலேயே சீறுது" என்று ரொட்டிக்கடை வாசலில் பெருக்கல் குறி போட்டான். நான் இடுப்பளவு தோண்டினேன். குழாய் வந்தது. சொட்டு ஈரம் இல்லை. மண்ணைக் கையில் எடுத்து ஊதினால் பறந்தது.

"கொஞ்சம் தள்ளி இருக்கும்" என்றான்.

"கொஞ்சம்னா எவ்வளவு? என் முதுகு கேக்குது" என்றேன்.

மறுநாள் துணிக்கடை வாசலில் குறி. அங்கேயும் அதே சீற்றமாம், அதைவிட அழகாக இருந்ததாம். தோண்டினேன். அங்கேயும் காய்ந்த மண். துணிக்கடைக்காரர் நாற்காலியைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்குக் கடப்பாரையை வளைத்திருப்பேன். இத்தனை வருஷத்தில் அவன் குறி போட்டு நான் வெறுங்குழி தோண்டியதே கிடையாது. ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. அடுத்தடுத்த நாளா சறுக்கும்?

இன்ஜினீயர் சார் வந்து பார்த்தார். நல்ல மனுஷர், கத்தத் தெரியாதவர். அவர் மெதுவாகப் பேசினால்தான் எங்களுக்குப் பயம். "நாளைக்குக் காலைல இந்தத் தெருவுக்குத் தண்ணியை நிறுத்தி, ரோட்டையே முழுசா வெட்டிப் பார்த்துடலாம். வேற வழி இல்ல. காது, உங்களுக்கும் வயசாகுது. ஸ்டோர்ல ஒரு இடம் இருக்கு, யோசிங்க."

அண்ணன் கம்பியைக் கீழே வைத்தான். குழி மேட்டில் உட்கார்ந்துவிட்டான். ஸ்டோர் என்பது பழைய மீட்டர்களைத் துடைத்து அடுக்கும் அறை. அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. நானும் குழியிலிருந்து ஏறி, வழக்கம்போல் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அவன் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினான்.

'புஸ்ஸ்ஸ்.'

நான் துள்ளி எழுந்தேன். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். வால்வைப் பார்த்தேன். எங்கேயும் தண்ணீர் இல்லை.

"அண்ணே, இன்னொரு தடவை சிந்து."

"என்னது?"

"மூக்கைச் சிந்துன்னேன்!"

சிந்தினான். 'புஸ்ஸ்ஸ்.' சத்தம் அவனுடைய வலது காதிலிருந்து வந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவனும் அப்படியே கல்லாகிவிட்டான். கம்பியில் காதை வைக்க ஒவ்வொரு தடவை குனியும்போதும் மூக்கு ஒழுகியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உறிஞ்சியிருக்கிறான். காற்று காது வழியாகச் சீறியிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் மகாராசன் தெருவெல்லாம் குறி போட்டிருக்கிறான்.

"அண்ணே, தெருவுல ஒரு கசிவும் இல்ல. ஓட்டை உன் தலையிலதான் இருக்கு!"

சிரித்தேன் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருக்கிறேன், ஓட்டையைக் காதில் வைத்துக்கொண்டு ஊரைத் தோண்டின கதை இப்போதுதான் பார்க்கிறேன். பிறகு அவனைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் ஹேர்பின், கதவு எல்லாவற்றையும் சொன்னான்.

"கம்பியை அழுத்தினா வலிக்குது, அதனால விரல் அகலம் தள்ளி வெச்சுத்தான் கேட்டேன். இடது காது போன மாதிரி இதுவும் போயிடுச்சு பாப்பா. இனி அவ்வளவுதான்."

"எனக்கே காது குத்துறியா? ஏன் முன்னாடியே சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா உங்க அண்ணிக்குத் தெரிஞ்சிடும். கதவைத் தள்ளினது அவ. தெரிஞ்சா காலம் பூரா மனசு அடிச்சுக்குவா. அவ திட்டினா தாங்கிக்கலாம், அவ அழுதா என்னால தாங்க முடியாது."

கடப்பாரையைக் குழியிலேயே போட்டுவிட்டு, அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்னப் பெண்தான். ஆனால் கை நிதானம். காதுக்குள் விளக்குக் குழலை விட்டு, திரையில் படம் காட்டினாள். முத்து நிறத்தில் ஒரு மெல்லிய ஜவ்வு, அதன் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு கிழிசல்.

"இதுதான் காது ஜவ்வு. சத்தம் வந்து மோதினா இது அதிரும், பின்னாடி இருக்கற குட்டி எலும்புங்க அந்த அதிர்வை உள்ளே கொண்டு போகும். இப்ப ஓட்டை இருக்கு. அதனால சரியா அதிராது, சத்தம் பாதி வாசல்லயே நின்னுடுது. மூக்கைச் சிந்தினா காத்து அது வழியாத்தான் வெளியே வரும். அந்த ரீங்காரமும் இதனாலதான். சிந்தவே கூடாது, மெதுவாத் துடைச்சுக்கணும்."

பிறகு கவட்டை மாதிரி இருந்த ஓர் இரும்பைத் தட்டி அவன் காதருகே பிடித்தாள். "கேக்குதா?"

"தூரத்துல" என்றான்.

அதே இரும்பின் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டு எலும்பில் வைத்தாள். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "ஐயோ, மணி அடிக்கற மாதிரி கேக்குது! எப்படிம்மா?"

"எலும்பு வழியா வர்ற சத்தத்துக்கு இந்த ஜவ்வு தேவையில்ல, நேரா உள்ளே போயிடும். கேக்கற நரம்பு உங்களுக்கு அருமையா இருக்கு. கிழிஞ்சது வாசல்ல தொங்கற திரைதான், வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. தண்ணி படாம, குச்சி கிச்சி விடாம இருந்தா, சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில வாரத்துல தானாவே மூடிக்கும். மூடலேன்னா ஒட்டுப் போட சின்ன ஆபரேஷன் இருக்கு. பயப்படாதீங்க."

அண்ணன் அந்த அறையிலேயே அழுதுவிட்டான். சின்னப் பையனாக ஒரு காலையில், வலது காது தலையணையில் புதைந்திருக்கக் கண் விழித்து, அம்மா வாய் அசைவதை மட்டும் பார்த்தவன் அவன். இத்தனை நாளும் அந்தக் காலைதான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் கிடந்திருக்கிறான். அவனைத் திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தூசி போகாமல் காதில் பஞ்சு வைத்து அனுப்பினாள். வாசல்படி இறங்கும்போதே அவன் நடை மாறியிருந்தது. "பாப்பா, கம்பி எங்க?" என்றான்.

ரொட்டிக்கடைத் தெருவுக்கு நாங்கள் திரும்பியபோது மாலை நெரிசல். லாரி, ஹாரன், பள்ளி விட்ட பிள்ளைகள். இந்த இரைச்சலில் எந்தக் காதும் கம்பியில் எதையும் கேட்க முடியாது, அதனால்தான் நாங்கள் விடியற்காலையில் வருவது. துணிக்கடைக்காரர் கேட்டே விட்டார். "இந்தச் சத்தத்துலயா?"

"எனக்கு எங்கங்க சத்தம்? ஊரே பஞ்சுக்கு வெளியில நிக்குது" என்றான் அண்ணன்.

மரக் கிண்ணத்தைக் காதில் வைக்கவில்லை. காதுக்குப் பின்னால், டாக்டர் இரும்பை வைத்த அந்த மேட்டு எலும்பில் அழுத்தினான். மூக்கைத் துடைத்துக்கொண்டு மூச்சை அடக்கினான். ஒரு வால்வு, அடுத்த வால்வு. மேட்டுப்பக்கம் ஏற ஏற அவன் முகம் இறுகியது. தெருக்கோடியில் சலூன் வாசலுக்கு வந்து, தாண்டிப் போனான், திரும்பினான், மறுபடியும் ஊன்றினான். சாக்பீஸை எடுத்தான். குனிந்து ஒரு பெருக்கல் குறி போட்டான்.

சலூன்காரர் சோப்பு நுரைப் பிரஷ்ஷோடு வெளியே ஓடி வந்தார். "என் வாசல் எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு. ரொட்டிக்கடைச் சுவரு நனைஞ்சா என் கடையைத் தோண்டுவீங்களா? நேத்தும் இன்னைக்கும் அங்க ரெண்டு குழி வெட்டினீங்களே!"

நியாயமான கேள்விதான். அண்ணன் என்னைப் பார்த்தான். "சொல்லு பாப்பா. நீ வேண்டாம்னா வேண்டாம்."

இன்னொரு வெறுங்குழி விழுந்தால் அவன் நாளையிலிருந்து மீட்டர் துடைக்க வேண்டியதுதான். தோண்டாவிட்டாலும் அதேதான். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன! நான் உள்ளங்கையில் எச்சில் தொட்டுக் கடப்பாரையைப் பிடித்தேன்.

முழங்கால் அளவு தோண்டியபோது காய்ந்த மண். சலூன்காரர் சிரித்தார். தொடை அளவில் மண்ணின் நிறம் கறுத்தது. அடுத்த குத்தில் கடப்பாரை சொத்தென்று இறங்கியது. தண்ணீர் என் முகத்தில் அடித்தது பாருங்கள், சலூன்காரரின் பிரஷ்ஷில் நுரையே மிச்சமில்லை! குழாய் மூட்டு விட்டிருந்தது. பக்கத்திலேயே கைவிடப்பட்ட பழைய சாக்கடைக் குழாய் ஒன்று புதைந்திருந்தது. தண்ணீர் அதற்குள் புகுந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் சரிவில் இறங்கி, ரொட்டிக்கடைச் சுவருக்கடியில் போய்க் கொட்டியிருக்கிறது. ரொட்டிக்கடைக்காரர் அண்ணனைக் கட்டிப்பிடித்ததில் அவன் சட்டை முழுக்க மாவு. இன்ஜினீயர் சார் வந்து பார்த்துவிட்டு, "காது, ஸ்டோர் பேச்சை மறந்துடுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அது அண்ணனுக்குக் கேட்கவில்லை. நான்தான் அவன் முகத்துக்கு நேராகக் கத்திச் சொன்னேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணி வந்தாள். வேலை விட்டு வருகிற வழியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் காதில் இருந்த பஞ்சைப் பார்த்தாள். நான், போச்சுடா, முழுப் பூசணிக்காயும் வெளியே வந்துவிட்டது என்று குழிக்குள்ளேயே நின்றுகொண்டேன்.

அவள் கத்தவில்லை. அவள் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. "ஹேர்பின்ல ரத்தம் இருந்துச்சு. கதவு ஏதோ இடிச்ச மாதிரி இருந்ததும் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி உங்க பின்னாடி நின்னு மெதுவா கூப்பிட்டுப் பார்த்தேன். நீங்க திரும்பல. அதுலேருந்து வேணும்னே இன்னும் சத்தமாப் பேசறேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நான்தானே உங்க காதைக் கெடுத்தேன், எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?"

அண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதிதான் புரிந்திருக்கும். "அண்ணிக்கு எல்லாம் தெரியும்ணே!" என்று குழியிலிருந்து கத்தினேன். கத்திவிட்டு டாக்டர் சொன்னதை எல்லாம் அண்ணிக்குச் சொன்னேன். நரம்பு நன்றாக இருக்கிறது, தானாக மூடிக்கொள்ளும், எலும்பு வழியாகப் பேசினால் தெளிவாகக் கேட்கும்.

"எந்த எலும்பு?" என்றாள்.

காட்டினேன். அத்தனை பேர் நடுவில், அண்ணி எட்டி, அவன் வலது காதுக்குப் பின்னால் தன் தாடையை ஊன்றினாள். ஊன்றிக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். குடைவதற்குத் தனியாக, மறைத்ததற்குத் தனியாக, காணாமல் போன ஒவ்வொரு ஹேர்பினுக்கும் தனியாக. எங்களுக்கு வெறும் முணுமுணுப்புதான் கேட்டது. அவனுக்கு ஒன்று விடாமல் கேட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்தத் தடவை இடது காதைத் திருப்பவில்லை.

சில வாரம் அதே கதைதான். முக்கியமான விஷயம் எதுவானாலும் அண்ணி வந்து தாடையை ஊன்றித்தான் சொல்வாள். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி அவளே வைத்துவிடுவாள். ஹேர்பின் எல்லாம் பூட்டின டப்பாவுக்குள். பிறகு ஒருநாள் அண்ணன் டாக்டரிடம் போய்விட்டு வந்து, ரகசியமாக என் பக்கம் சாய்ந்தான். "மூடிடுச்சாம் பாப்பா. நல்லாக் கேக்குது. கடிகாரம் கூடக் கேக்குது."

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

அவன் அசடு வழிந்தான். "இப்ப என்ன அவசரம்? சொன்னா தாடையை வைக்கறதை நிறுத்திடுவா. நீ வாயைத் திறந்துடாத."

திருட்டுப்பயல்! ஓட்டை விழுந்தபோது அதை மறைத்தான், மூடினபோது அதையும் மறைக்கிறான்.

எனக்குத்தான் ரகசியம் தங்காதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணியிடம் மெல்ல வாயெடுத்தேன். அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"எனக்குத் தெரியும்" என்று கிசுகிசுத்தாள். "முந்தாநாள் இங்க நின்னு வாய்க்குள்ளயே பாடிக்கிட்டிருந்தேன். கூடத்துலேருந்து, சுருதி எங்கேயோ போகுதேன்னாரு. சொல்லிட்டு, உளறிட்டோமேன்னு பேப்பருக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டாரு. நீ ஒண்ணும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தோம். கூடத்திலிருந்து அவன் குரல் வந்தது. "அங்க என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். கூடத்துக்குப் போய், நாற்காலிக்குப் பின்னால் நின்று, குனிந்து, அவன் வலது காதுக்குப் பின்னால் தாடையை ஊன்றினாள்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.